உயர் இரத்த அழுத்தத்தில் உணவும் யோகமும்: ஒரு மருத்துவ வரலாறு

உயர் இரத்த அழுத்தம் என்பது தமனிகளின் சுவர் மீது இரத்தம் செலுத்தும் அழுத்தம் தொடர்ந்து மிகையாக இருக்கும் நிலை. இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் அளவாகவும், விரியும்போது உள்ள அழுத்தம் கீழ் அளவாகவும் எழுதப்படுகிறது. பல்வேறு வேளைகளில் எடுத்த அளவுகள் 140/90 மில்லிமீட்டர் பாதரசம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை உயர் இரத்த அழுத்தம் எனப் பெரும்பாலான வழிகாட்டு நெறிகள் கொள்கின்றன. இந்நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறி எதுவும் இருப்பதில்லை. கவனிக்காமல் விட்டால் பக்கவாதம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, பார்வை இழப்பு ஆகியவற்றில் கொண்டுபோய் விடும்.

உணவாலும் யோகப் பயிற்சியாலும் இதைக் கட்டுப்படுத்தலாம் என்ற கருத்து இன்று பரவலாக உள்ளது. இது பழங்காலத்திலிருந்து அப்படியே வந்த அறிவு என்று பலர் எண்ணுவதுண்டு. ஆனால் இரத்த அழுத்தத்தை மனிதரிடம் எளிதாக அளக்க முடிந்தே ஏறத்தாழ 130 ஆண்டுகள்தான் ஆகின்றன. உணவு, யோகம் இரண்டும் இந்த நோய்க்கு உதவும் என்பது 20ஆம் நூற்றாண்டில் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பெற்ற அறிவு. எந்த அளவுக்கு உதவும், எங்கே போதாது என்பதும் அதே சோதனைகளில்தான் தெரியவந்தது.

அழுத்தம் எண்ணாக மாறியது

இங்கிலாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு பெண் குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, அதனுடன் நீண்ட கண்ணாடிக் குழலை இணைத்தார். இரத்தம் குழலில் எட்டு அடிக்கு மேல் ஏறி நின்றது. 1733இல் வெளியான அவரது நூலில் இந்தச் சோதனை விவரிக்கப்பட்டுள்ளது. இரத்த அழுத்தத்தை நேரடியாக அளந்த முதல் சோதனை இதுவே. ஆனால் தமனியை அறுத்து அளக்கும் இம்முறையை நோயாளிகளிடம் செய்து பார்க்க இயலாது.

1896இல் இத்தாலிய மருத்துவர் ஷிபியோனே ரிவா ரோச்சி மேற்கையில் காற்றுப் பட்டையைக் கட்டி, பாதரசக் குழாயால் அழுத்தத்தை அளக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். அதில் மேல் அளவு மட்டுமே தெரிந்தது. 1905இல் ரஷ்ய மருத்துவர் நிக்கொலாய் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே இதயத்துடிப்புமானியை வைத்துக் கேட்டால் ஒலி தோன்றும் இடம் மேல் அளவையும் ஒலி மறையும் இடம் கீழ் அளவையும் காட்டும் என்று கண்டறிந்தார். இன்றும் மருத்துவமனைகளில் காதால் கேட்டு அளக்கும் முறை அவர் வகுத்ததே.

சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் நாடி பார்க்கும் மரபு மிகப் பழமையானது. ஆனால் நாடியின் நடையை விரலால் உணர்வதும், அழுத்தத்தை எண்ணாக அளப்பதும் வெவ்வேறு செயல்கள். எண் கிடைத்த பிறகுதான் ஓர் உணவோ பயிற்சியோ அந்த எண்ணைக் குறைக்கிறதா என்று கேட்கவே முடிந்தது.

மருந்தில்லாக் காலம்

அளக்கத் தெரிந்த பிறகும் பல ஆண்டுகள் இந்நோய்க்குச் சிகிச்சை அளிப்பது தேவையா என்பதிலேயே மருத்துவர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. குறுகிய இரத்தக் குழாய்கள் வழியே உறுப்புகளுக்கு இரத்தத்தைத் தள்ளுவதற்கு உடலே அழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது என்றும், அதைக் குறைத்தால் உறுப்புகள் கெடும் என்றும் பலர் கருதினர். காரணம் தெரியாத உயர் இரத்த அழுத்தத்திற்கு ஆங்கிலத்தில் ‘இன்றியமையாத’ என்ற பொருள் தரும் ‘எசென்ஷியல்’ என்ற அடைமொழி இந்த எண்ணத்தோடு சேர்ந்தே வழங்கியது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் இறுதி ஆண்டு இக்காலத்தின் நிலையைக் காட்டுகிறது. 1944 மார்ச்சில் கடற்படை இதயநோய் மருத்துவர் ஹோவர்ட் புரூயென் அவரைச் சோதித்தபோது அழுத்தம் 186/108 ஆக இருந்தது. இதயச் செயலிழப்பும் தொடங்கியிருந்தது. இதயத்திற்கு டிஜிட்டாலிஸ் கொடுத்தார்கள். ஓய்வெடுக்கச் சொல்லி, உப்பைக் குறைத்தார்கள். அழுத்தத்தைக் குறைக்கும் நம்பகமான மருந்து எதுவும் அன்று இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று கடும் தலைவலியுடன் ரூஸ்வெல்ட் நினைவிழந்தார். அப்போது அழுத்தம் 300/190. மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் அன்றே இறந்தார். உலகின் மிகுந்த அதிகாரம் படைத்த மனிதருக்கே அன்று கிடைத்த சிகிச்சை இவ்வளவுதான்.

உப்பும் அரிசி உணவும்

உணவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உள்ள தொடர்பு முதலில் உப்பின் வழியே தெரியவந்தது. 1904இல் பாரிஸில் அம்பார், போஜார் என்ற இரு ஆய்வாளர்கள், உப்பைக் கூட்டிக் குறைத்தபோது சில நோயாளிகளின் அழுத்தமும் அதற்கேற்ப ஏறி இறங்குவதைப் பதிவு செய்தனர். 1920களில் பிரெடரிக் ஆலன் கடுமையான உப்புக் கட்டுப்பாட்டைச் சிகிச்சையாகப் பயன்படுத்தினார். பிறரால் அதே பலனைக் காண முடியாததால் அம்முறை பின்னுக்குப் போனது.

அதை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தவர் வால்டர் கெம்ப்னர். ஜெர்மனியில் பிறந்த யூத மருத்துவரான அவர், நாஜி ஆட்சியிலிருந்து தப்பி 1934இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பழுதடைந்த சிறுநீரகத்தின் வேலைப்பளுவை உணவால் குறைக்க முடியும் என்பது அவரது எண்ணம். இதற்காக அவர் வகுத்ததே ‘அரிசி உணவு’. உப்பில்லாமல் வேகவைத்த சோறு, பழங்கள், பழச்சாறு, சர்க்கரை ஆகியவை மட்டுமே அதில் இருந்தன. வைட்டமின்களும் இரும்புச் சத்தும் தனியே தரப்பட்டன. நாளொன்றுக்குச் சுமார் 2000 கலோரி, 20 கிராம் புரதம், 5 கிராமுக்கும் குறைவான கொழுப்பு, 150 மில்லிகிராம் அளவுக்கு மட்டுமே சோடியம் என்பது அதன் கணக்கு.

இவ்வுணவைச் சில நாட்களுக்கு மேல் தொடர்வது ஆபத்தாகலாம் என்ற அச்சம் தொடக்கத்தில் கெம்ப்னருக்கே இருந்தது. 1942இல் நடந்த ஒரு தவறான புரிதல் அந்த அச்சத்தைப் போக்கியது. இரண்டு வாரம் கழித்து வரும்படி அவர் ஒரு பெண் நோயாளியிடம் கூறினார். கெம்ப்னரின் ஜெர்மானிய உச்சரிப்பால் அதைத் தவறாகப் புரிந்துகொண்ட அப்பெண், இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தார். அதுவரை அரிசி உணவையே உண்டிருந்தார். அவரது இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. கண்ணின் விழித்திரையில் இருந்த கசிவுகளும் மறைந்திருந்தன. அதன் பிறகு கெம்ப்னர் மாதக்கணக்கில் இவ்வுணவைக் கொடுக்கத் தொடங்கினார். 1940களில் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். அழுத்தம் குறைந்தது மட்டுமல்லாமல், வீங்கியிருந்த இதயம் சுருங்கியதையும் விழித்திரை தெளிந்ததையும் எக்ஸ்ரே படங்களாலும் கண் புகைப்படங்களாலும் காட்டினார்.

கெம்ப்னர் தம் நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டுக் குழு எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்பது அன்றே எழுந்த விமர்சனம். உணவின் சுவையின்மை மற்றொரு குறை. கடுமையான கண்காணிப்பு இல்லாமல் பெரும்பாலோரால் அதைத் தொடர முடியவில்லை. ஆனாலும் முற்றிய உயர் இரத்த அழுத்தத்தைக்கூடத் திருப்ப முடியும் என்பதை அவரது பணி காட்டியது. அழுத்தத்தைக் குறைப்பதே ஆபத்து என்ற பழைய கருத்து இதனால் ஆட்டம் கண்டது.

பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. நாள்தோறும் சோறு உண்ணும் நாட்டில் இந்நோய் ஏன் இவ்வளவு பேருக்கு இருக்கிறது? கெம்ப்னரின் உணவில் சோற்றைவிட முக்கியமானது உப்பு இல்லாமைதான் என்பதே விடை. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், அப்பளம் என்று ஒவ்வொன்றிலும் உப்புச் சேர்ந்த சோறு அவர் கொடுத்த சோறு அல்ல.

சர்ப்பகந்தி

இயற்கை மருத்துவமும் நவீன மருந்தும் எதிரெதிரானவை என்ற எண்ணத்திற்கு இந்நோயின் வரலாற்றிலேயே ஒரு மறுப்பு உண்டு. சர்ப்பகந்தி என்ற செடியின் வேர் இந்திய மருத்துவத்தில் பாம்புக்கடிக்கும் மனக்கோளாறுகளுக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. 1931இல் கொல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய மருத்துவர்கள் அந்த வேர் மனநோயோடு உயர் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதாக எழுதினர். மும்பை இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளிடம் அதைச் சோதித்து, 1949இல் பிரித்தானிய இதயநோய் இதழில் முடிவுகளை வெளியிட்டார். இதன் பிறகே மேலை நாட்டு மருத்துவ உலகம் இந்தச் செடியைக் கவனித்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் வேரிலிருந்து ரெசர்பின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தனர். 1957இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

இந்நோய்க்கு மருந்து கொடுப்பதன் பயனை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டிய ஆய்வு 1967இல் வெளியானது. எட்வர்ட் பிரைஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த இவ்வாய்வில், கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு மருந்தும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் தரப்பட்டன. போலி மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்புகள் ஏற்பட்டன. மருந்து உண்டவர்களில் இருவருக்கு மட்டுமே. கொடுக்கப்பட்ட மூன்று மருந்துகளில் ஒன்று ரெசர்பின். சர்ப்பகந்தி வேரிலிருந்து வந்த மருந்து, மாத்திரையால் உயிர் காக்க முடியும் என்பதற்கான சான்றில் இடம்பெற்றது.

செடியிலிருந்து வந்ததால் அது தீங்கற்றதாகவும் இருந்துவிடவில்லை. ரெசர்பின் உண்ட சிலருக்கு மனச்சோர்வு ஏற்படுவதாக 1950களிலேயே செய்திகள் வந்தன. வேறு மருந்துகள் வந்ததும் அதன் பயன்பாடு குறைந்தது.

யோகம் ஆய்வுக்கூடத்திற்கு வந்தது

யோக நூல்களில் இரத்த அழுத்தம் என்ற கருத்தே கிடையாது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹட யோகப் பிரதீபிகை, சவாசனத்தைக் களைப்பை நீக்கி மனத்திற்கு ஓய்வு தருவதாகக் குறிப்பிடுகிறது. அந்த ஓய்வை மருத்துவக் கருவிகளால் அளக்க முயன்ற முன்னோடி சுவாமி குவலயானந்தா. அவர் 1924இல் மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் கைவல்யதாமம் என்ற ஆய்வு நிலையத்தையும், ‘யோக மீமாம்சா’ என்ற இதழையும் தொடங்கினார். ஆசனங்களின்போது இரத்த அழுத்தம் எப்படி மாறுகிறது என்பதும் அங்கு நடந்த தொடக்ககால ஆய்வுகளில் அடங்கும்.

அக்காலத்தில் யோகத்தைப் பற்றிய வியப்பூட்டும் கூற்றுகள் பல உலவின. யோகிகளால் இதயத்தை நிறுத்த முடியும் என்பது அவற்றுள் ஒன்று. 1935இல் இந்தியா வந்த பிரெஞ்சு மருத்துவர் தெரேஸ் புரோஸ் இதை ஆதரிக்கும் பதிவுகளை வெளியிட்டார். பின்னர் வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகிய மூவர் இதை மறுபடி சோதித்து 1961இல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் சோதித்தவர்களில் சென்னையில் வாழ்ந்த யோக ஆசிரியர் டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கும்போது இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. அதனால் நாடியும் இதய ஒலியும் மங்குகின்றன. ஆனால் இதயம் துடித்துக்கொண்டேதான் இருக்கிறது என்று இதய மின்வரைவு காட்டியது. அற்புதம் என்று கருதப்பட்டது உடலியங்கியலால் விளங்கக்கூடியதாக மாறியது. மூச்சும் தசையும் இரத்த ஓட்டத்தை உடனடியாக மாற்றக்கூடியவை என்பதும் இதனால் உறுதிப்பட்டது.

சவாசனச் சோதனைகள்

யோகத்தை உயர் இரத்த அழுத்தத்திற்கான சிகிச்சையாகச் சோதித்த முதல் முக்கிய ஆய்வு மும்பையில் நடந்தது. கே.ஈ.எம். மருத்துவமனையின் இதயநோய் மருத்துவர் கே.கே. தாதேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 47 நோயாளிகளுக்குச் சவாசனம் கற்றுக்கொடுத்தனர். மல்லாந்து படுத்து, கால்களைச் சற்று அகட்டி, கைகளை உடலிலிருந்து சிறிது விலக்கி வைத்து, வயிற்றால் மெதுவாக மூச்சுவிட்டபடி மூக்கு நுனியில் மூச்சு வந்துபோவதைக் கவனிப்பது பயிற்சி. நாள்தோறும் சுமார் அரை மணி நேரம் அதைச் செய்தனர். 1969இல் வெளியான முடிவுகளின்படி, மருந்து உண்ணாத நோயாளிகளின் சராசரி அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. மருந்தால் கட்டுக்குள் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது. இரத்தக் குழாய்கள் தடித்து இறுகிப்போனவர்களிடம் பலன் குறைவாக இருந்தது. கட்டுப்பாட்டுக் குழு இல்லாமை இந்த ஆய்வின் குறை.

அக்குறையை நீக்கியவர் சந்திரா பட்டேல். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அவர், லண்டனை ஒட்டிய குராய்டன் பகுதியில் பொது மருத்துவராகப் பணியாற்றினார். தம்மிடம் வந்த நோயாளிகள் 20 பேருக்குச் சவாசனத்தை ஒத்த தளர்வுப் பயிற்சியை வாரத்திற்கு மூன்று முறை, அரை மணி நேரம் வீதம், மூன்று மாதம் அளித்தார். உடல் தளர்கிறதா என்பதை ஒலியின் ஏற்ற இறக்கத்தால் நோயாளிக்கே உணர்த்தும் கருவியையும் இணைத்தார். 1973இல் லான்செட் இதழில் வெளியான முடிவில், ஐந்து பேருக்கு மருந்தை முழுவதும் நிறுத்த முடிந்தது. ஏழு பேருக்கு மருந்து குறைக்கப்பட்டது. நான்கு பேருக்குப் பயன் ஏதும் இல்லை.

மருத்துவரின் கவனிப்பே அழுத்தத்தைக் குறைத்திருக்கலாம் அல்லவா என்ற கேள்வி எழுந்தது. 1975இல் பட்டேல், நார்த் என்ற புள்ளியியலாளருடன் சேர்ந்து 34 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குப் பயிற்சி தரப்பட்டது. மற்றப் பிரிவினர் அதே அளவு நேரம் வந்து, பயிற்சி எதுவுமின்றிப் படுத்து ஓய்வெடுத்தனர். பயிற்சி பெற்றவர்களின் சராசரி 168/100இலிருந்து 141/84 ஆக இறங்கியது. வெறுமனே ஓய்வெடுத்தவர்களுக்கு 169/101இலிருந்து 160/96 வரைதான் இறங்கியது. ஓய்வெடுத்த பிரிவுக்குப் பின்னர் அதே பயிற்சி தரப்பட்டபோது அவர்களிடமும் அழுத்தம் குறைந்தது. படுத்திருப்பதற்கும் தளரக் கற்றுக்கொள்வதற்கும் வேறுபாடு உண்டு என்பதை இந்தச் சோதனை காட்டியது.

தமிழ் பேசும் மண்ணிலும் இத்தகைய சோதனை ஒன்று நடந்தது. புதுச்சேரி அரசுப் பொது மருத்துவமனையைச் சேர்ந்த, 35 முதல் 65 வயது வரையிலான 33 நோயாளிகளை முருகேசன், கோவிந்தராஜுலு, பேரா ஆகியோர் மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவு காலையும் மாலையும் ஒரு மணி நேரம் யோகப் பயிற்சி செய்தது. மற்றொன்று மருந்து உண்டது. மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் இல்லை. 11 வாரங்களின் முடிவில் யோகமும் மருந்தும் தனித்தனியே அழுத்தத்தைக் குறைத்திருந்தன என்று 2000ஆம் ஆண்டு வெளியான கட்டுரை கூறுகிறது. ஆய்வின் அளவு சிறியது, காலமும் குறுகியது. பக்கவாதத்தையோ மாரடைப்பையோ யோகம் தடுக்கிறதா என்பதை இப்படிப்பட்ட சிறிய ஆய்வுகளால் சொல்ல இயலாது. மருந்துக்கு அத்தகைய சான்று உண்டு.

காய்கறி, பழம், பால்: டாஷ் உணவு

சைவ உணவு உண்போரிடம் இரத்த அழுத்தம் குறைவாக இருப்பது பல காலமாகக் கவனிக்கப்பட்டு வந்தது. 1974இல் பிராங்க் சாக்ஸ் குழுவினர் பாஸ்டன் பகுதியில் பெரும்பாலும் தாவர உணவையே உண்டு கூட்டாக வாழ்ந்த மக்களிடம் இதைப் பதிவு செய்தனர். அவர்கள் புகை, மது முதலியவற்றையும் தவிர்த்தவர்களாக இருக்கலாம். ஆகவே காரணம் உணவுதான் என்று அறுதியிட முடியவில்லை. 1983இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், அசைவம் உண்டு பழகியவர்களைக் குலுக்கல் முறையில் சைவ உணவுக்கு மாற்றிப் பார்த்தபோது, அழுத்தம் சில புள்ளிகள் குறைந்தது. பழைய உணவுக்குத் திரும்பியதும் மீண்டும் ஏறியது.

இவற்றின் தொடர்ச்சியாக அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வே ‘டாஷ்’. 459 பேர் பங்கேற்ற இந்த ஆய்வு 1997இல் வெளியானது. உணவு முழுவதையும் ஆய்வு நிலையங்களே சமைத்துக் கொடுத்தன. ஒரு பிரிவுக்கு வழக்கமான அமெரிக்க உணவு. இரண்டாம் பிரிவுக்குக் காய்கறியும் பழமும் மிகுந்த உணவு. மூன்றாம் பிரிவுக்கு அவற்றோடு கொழுப்பு குறைந்த பாற்பொருள்கள், முழுத் தானியம், பருப்பு, கொட்டைகள் சேர்ந்த உணவு. உப்பின் அளவு மூன்றிலும் ஒன்றே. யாருடைய எடையும் மாறாதபடி உணவின் அளவும் திட்டமிடப்பட்டது. எட்டு வாரத்தில் மூன்றாம் உணவை உண்ட உயர் இரத்த அழுத்த நோயாளிகளின் மேல் அளவு, வழக்கமான உணவோடு ஒப்பிட 11.4 புள்ளி குறைந்தது. முதல் இரண்டு வாரத்திலேயே மாற்றம் தெரியத் தொடங்கியது. ஒரு மாத்திரையின் பலனுக்கு நெருக்கமான அளவு இது.

2001இல் வெளியான அடுத்த ஆய்வில் 412 பேருக்கு இதே உணவோடு உப்பும் மூன்று படிகளாகக் குறைக்கப்பட்டது. எந்த உணவாக இருந்தாலும் உப்பு குறையக் குறைய அழுத்தமும் குறைந்தது. இரண்டும் சேர்ந்தபோது பலன் மிகுதியாக இருந்தது. கெம்ப்னரின் உப்பில்லாச் சோற்றைப் போலன்றி, இது ஒரு குடும்பம் நாள்தோறும் உண்ணக்கூடிய உணவு.

உப்பு பற்றிய பெரிய ஆய்வுகள்

1988இல் வெளியான ‘இன்டர்சால்ட்’ ஆய்வு 32 நாடுகளின் 52 இடங்களில் 10,079 பேரின் சிறுநீரில் உள்ள சோடியத்தையும் இரத்த அழுத்தத்தையும் ஒரே முறையில் அளந்தது. பிரேசிலின் யானோமாமி பழங்குடியினர் உட்பட, மிகக் குறைந்த உப்பை உண்ணும் நான்கு இடங்களின் மக்களிடம் அழுத்தம் குறைவாக இருந்தது. வயது ஏறினாலும் அது பெரிதாக ஏறவில்லை. வயதானால் பிரஷர் வரத்தான் செய்யும் என்ற பொதுவான நம்பிக்கை எல்லா மக்களுக்கும் பொருந்தாது என்பது இதனால் தெரிந்தது.

2021இல் சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. பக்கவாதம் வந்தவர்களும், 60 வயதைக் கடந்த உயர் இரத்த அழுத்த நோயாளிகளும் அதில் பங்கேற்றனர். பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்புக்குப் பதிலாக, நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு தரப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் அந்தக் கிராமங்களில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைவாக இருந்தது. உணவில் செய்த ஒரு மாற்றம் எண்ணைக் குறைப்பதோடு நில்லாமல் நோயையும் தடுக்கும் என்பதற்கான வலுவான சான்று இது.

தமிழர் சமையலறையில்

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது தமிழில் வழங்கும் பழமொழி. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. இது சுமார் ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவற்றில் உப்பு மிகுதி. இவை உப்பால் பதப்படுத்தி வைக்கப்படுபவை. கடையில் விற்கும் மிக்சர், சிப்ஸ், பாக்கெட் மசாலாக்கள், உடனடி நூடுல்ஸ் ஆகியவை அண்மைக் காலத்தில் சேர்ந்தவை. தயிர்ச் சோற்றுக்குத் தனியே உப்புப் போடாமல் இருப்பது, எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி போன்றவற்றால் சுவை கூட்டுவது ஆகியவை எளிய வழிகள். குறைந்த உப்புக்குச் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

டாஷ் உணவின் கூறுகள் தமிழர் உணவில் முன்பே உள்ளன. கீரைக் கூட்டு, அவியல், சுண்டல், பயறு, கேழ்வரகு, கம்பு, மோர், வாழைப்பழம், கொய்யா ஆகியவை அவற்றுட் சில. இவற்றில் ஒன்றை மட்டும் மருந்துபோல எடுத்துக்கொள்வதால் பெரும்பயன் இல்லை. ஆய்வுகளில் பலன் தந்தது உணவு முழுவதிலும் ஏற்பட்ட மாற்றமே.

இந்துப்பு தீங்கற்றது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். அளவின்றிப் பயன்படுத்தினால் சாதாரண உப்பைப் போலவே அழுத்தத்தை உயர்த்தும். பொட்டாசியம் கலந்த உப்பு, இளநீர், வாழைப்பழம் ஆகியவை பெரும்பாலோருக்கு ஏற்றவை. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் சில மருந்துகளை உண்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து இதயத் துடிப்பைக் குலைக்கும். அவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே இவற்றைக் கூட்ட வேண்டும்.

யோகத்தில் கவனிக்க வேண்டியவை

ஆய்வுகளில் பலன் காட்டியவை பெரும்பாலும் சவாசனம், மெதுவான மூச்சுப் பயிற்சி, எளிய ஆசனங்கள், தியானம் ஆகியவையே. யோகம் என்ற பெயரில் வரும் எல்லாமே இந்நோய்க்கு ஏற்றவை அல்ல. சிரசாசனம் போன்ற தலைகீழ் நிலைகள், மூச்சை நெடுநேரம் அடக்கும் கும்பகம், வேகமான பஸ்திரிகை ஆகியவற்றை அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள் தவிர்க்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. மூச்சை அடக்குவது இரத்த ஓட்டத்தை எவ்வளவு மாற்றும் என்பதை 1961ஆம் ஆண்டின் ஆய்வே காட்டியது.

இன்றைய நிலை

உணவும் யோகமும் இன்று இந்நோய்க்கான மருத்துவத்தின் பகுதிகள். எல்லை நிலையில் அழுத்தம் இருப்பவர்களுக்கு உப்பைக் குறைத்தல், காய்கறி பழம் கூட்டுதல், எடை குறைத்தல், நடைப்பயிற்சி, மதுவையும் புகையையும் விடுதல் ஆகியவை முதல் சிகிச்சையாகவே சொல்லப்படுகின்றன. அழுத்தம் மிகுந்தவர்களுக்கு அவை மாத்திரையோடு சேர்ந்து பயன்தரும். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டிற்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. மாத்திரையை இடையில் விட்டுவிடும் வழக்கத்திற்கு இது ஒரு தீர்வாகக் கருதப்படுகிறது.

யோகம் தொடங்கியாயிற்று, உப்பைக் குறைத்தாயிற்று என்று நோயாளி தாமாகவே மாத்திரையை நிறுத்துவதே இதில் உள்ள பெரிய ஆபத்து. உடலில் எந்த வேறுபாடும் தெரியாது. அழுத்தம் மட்டும் ஏறியிருக்கும். சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிடக் கூடுதலாகத் துள்ளி எழும். யோகத்தால் மருந்து குறைந்ததாகத் தாதேயும் பட்டேலும் பதிவு செய்த நோயாளிகள் எவரும் தாமாக மருந்தைக் குறைத்தவர்கள் அல்லர். அழுத்தத்தை மீண்டும் மீண்டும் அளந்து, எண் இறங்கியதைக் கண்ட பிறகு மருத்துவரே குறைத்தார். பட்டேலின் 20 பேரில் நால்வருக்குப் பயிற்சி பலனளிக்கவில்லை என்பதும் அளந்து பார்த்ததால்தான் தெரிந்தது. அளக்காமல் இருந்திருந்தால் அவர்களும் குணமாகிவிட்டதாகவே நம்பியிருப்பார்கள்.